பாட்டுக்கு முன்னால் ஒன்றரை விநாடி

செல்போன் ரிப்பேருக்கு வருகிறவர்கள் உண்மை பேசுவதில்லை என்பது டோனக்கா தொழிலில் கற்ற முதல் பாடம். "ஒண்ணுமே பண்ணலைக்கா, தானா போச்சு" என்பார்கள். வாளித் தண்ணீரில் முங்கி எழுந்த போனும் தானாகத்தான் போயிருக்கும். குழந்தை கடித்துப் பல் பதிந்த போனும் தானாகத்தான் போயிருக்கும். அதனால் அவள் யாரிடமும் என்ன ஆச்சு என்று கேட்பதில்லை. கையை நீட்டி வாங்குவாள். தன் போனிலிருந்து அதற்கு ஒரு கால் போடுவாள். கண்ணை மூடிக்கொண்டு, அது எப்படி அடிக்கிறது என்று கேட்பாள். மனுஷன் புளுகுவான், போன் புளுகாது என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியில் இருந்ததற்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பதுதான் இந்தக் கதை.

கடை என்று அதைச் சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாகப் பதினோரு செல்போன் கடைகள். கடைசியில், மாடிப்படி சரிந்து இறங்குகிற மூலையில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலிலிருந்து எழுந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது படியின் அடிப்பக்கத்தில் மண்டையை இடித்துக்கொண்டவர்கள். "பாத்து" என்று இவள் வாயைத் திறப்பதற்குள் 'ணங்' என்று கேட்டுவிடும். மற்ற பத்துக் கடைகளிலும் தொடுதிரை போன்தான். பட்டன் போனோடு யாராவது வந்தால், "நேரா போங்க, கடைசியில டோனக்கா இருக்காங்க" என்று தள்ளிவிடுவார்கள். பட்டன் போனுக்கு ரிங்டோன் போடுகிற அக்கா, அதனால் டோனக்கா. அவளுடைய சொந்தப் பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருக்கிறது.

பட்டன் போனுக்குப் பிடிவாதம் அதிகம். இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய பாட்டை அப்படியே அதில் போட்டால் 'இந்த ஒலியை இயக்க முடியாது' என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடும். பாட்டு பெரிதாக இருந்தால் வாங்காது. ஃபைலின் பெயர் நீளமாக இருந்தால் வாங்காது. பாட்டை மாற்றிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு, பெயரின் வாலை மட்டும் வெட்டி எம்பி3 என்று ஒட்டிக் கொண்டுவருகிற அதிபுத்திசாலிகள் உண்டு. அவர்களைக் கண்டால் டோனக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "சட்டையை மாத்தினா ஆள் மாறிடுவானா?" என்பாள். பிறகு பாட்டைச் சுருக்கி, இரண்டு பக்கச் சத்தத்தை ஒரு பக்கமாக்கி, முப்பது விநாடிக்கு நறுக்கி, பெயரை நாலு எழுத்தாக்கி, அது தேடுகிற இடத்தில் கொண்டுபோய் வைப்பாள். போன் அடிக்கும். கிழவர்கள் சிரிப்பார்கள்.

இதெல்லாம் மற்றவர்களும் செய்வார்கள். அவளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு கைப்பக்குவம் இருந்தது. சில பழைய செட்டுகள் கால் வந்ததும் விழித்துக்கொள்ள ஒரு விநாடிக்கு மேல் எடுக்கும். அதற்குள் பாட்டின் முதல் வார்த்தை போய்விடும். சரி, முன்னால் கொஞ்சம் வெறுமையை ஒட்டலாம் என்றால், சுத்தமான வெறுமையைக் கண்டால் சில செட்டுகள் ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். ஒரு மாதம் மண்டையைக் குடைந்து அவள் கண்டுபிடித்தது இது: நிஜமான அறையின் அமைதியைப் பதிவு செய்து, அதில் ஒன்றரை விநாடியை வெட்டி முன்னால் ஒட்ட வேண்டும். அந்த அமைதியில் காதுக்குக் கேட்காத அளவுக்கு ஏதோ கொஞ்சம் இருக்கும். போன் ஏமாந்துவிடும். நாலு வருஷமாக அவள் கையிலிருந்து போன எல்லா டோனுக்கும் முன்னால் அதே ஒன்றரை விநாடிதான். அந்த வட்டாரத்தில் எத்தனை சட்டைப் பையில், எத்தனை தலையணைக்கு அடியில் அது கிடக்கிறது என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். பெரிய ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். பத்து நாளைக்கு முன்னால்தான் டோன் போட்டுக்கொண்டு போயிருந்தார்.

"அம்மா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா பாட்டுக்கு முன்னால யாரோ கதவைத் தட்டறாங்க."

"யாரு?"

"அதைத்தான் நானும் தேடறேன். தட்டற சத்தம் கேக்குது, எழுந்திருக்கறேன், உடனே போன் அடிக்குது. போனை விட்டுட்டுப் போய்த் திறந்தா ஆளில்ல. பக்கத்து வீட்டுப் பசங்க வேலைன்னு நெனச்சு நேத்து ரெண்டு பேரைத் திட்டிட்டேன். அவங்க அம்மா வந்து என்னைத் திட்டிட்டுப் போனா."

"போன் அடிச்சா போனை எடுக்க வேண்டியதுதானே? கதவை ஏன் திறக்கறீங்க?"

"முப்பத்தோரு வருஷம் பெட்டிக்குள்ள நின்னு கதவு திறந்தவன்மா. தட்டினா திறந்துதான் பழக்கம்."

தலை நரைத்தால் காதும் நரைக்கும் போலிருக்கிறது என்று டோனக்கா மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். போனை வாங்கி ஒரு கால் போட்டாள். பாட்டு கணீரென்று வந்தது. தட்டலும் இல்லை, முட்டலும் இல்லை. ஆனால் கீழ்த்தளத்தில் பகல் பதினோரு மணிக்குப் பத்துக் கடையின் இரைச்சலும், ஃபேன்களின் கிறீச்சும் சேர்ந்தால் இடி விழுந்தாலும் கேட்காது. "சாயங்காலம் வாங்க, பாத்து வைக்கறேன்" என்றாள். அவர் எழுந்தார். ணங்.

போகிற போக்கில் தலையைத் தடவிக்கொண்டே ஒன்று சொன்னார். "தட்டறவங்க அவசரப்படலைம்மா. ரெண்டு தட்டு, அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு ஒண்ணு. அப்படித் தட்டறவங்களை எப்படித் திறக்காம விடறது?"

டோனக்காவுக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. ஃபேன் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஒன்றரைக்குத் தங்கை மகள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிற வேலை அவளுக்கு. வயது இருபத்து மூன்று. தினமும் பெரியம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவாள். இருவரும் இரண்டு வாய் எடுத்திருப்பார்கள், கரண்ட் போய்விட்டது. ஜன்னலே இல்லாத இடம், பகலிலேயே கும்மிருட்டு. பதினோரு ஃபேனும் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓய்ந்தன. மற்ற கடைக்காரர்கள் காற்றுக்காகப் படியேறி வெளியே போனார்கள். அத்தனை அமைதியான கீழ்த்தளத்தை டோனக்கா அதுவரை கேட்டதில்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று லிஃப்ட்காரரின் போனை மேசையில் வைத்துக் கால் போட்டாள்.

திரை வெளிச்சம் வந்தது. பிறகு, பக்கத்துப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டியதுபோல, டக்டக். ஒரு இடைவெளி. டக்.

பாட்டு தொடங்கியது. டோனக்கா அவசரமாக அதை நிறுத்தினாள். நீல வெளிச்சத்தில் எதிரே இருந்த பெண்ணின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது.

"பெரியம்மா, அது அம்மா."

"லூசு மாதிரி பேசாத. வைப்ரேட்டர் கழண்டிருக்கும். மேசையில இடிக்குது."

"அது அம்மா தட்டறது."

"சாப்பிடுடி."

அவள் சாப்பிடவில்லை. டப்பாவை மூடிவைத்துவிட்டு இருட்டிலேயே படியேறிப் போய்விட்டாள். டோனக்கா பயந்துபோனாள். அந்தப் பெண் சொன்னதற்காக அல்ல. அவள் சொல்வதற்கு முன்பே தன் கால் தானாக எழப் பார்த்ததற்காக. மூன்று வருஷம் அந்தத் தட்டலுக்கு எழுந்து ஓடிய கால் அது.

தங்கையின் கதையை இங்கே சொல்லிவிடுவதுதான் நல்லது. டோனக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு ஆனது. புருஷன் என்கிறவர் இந்தக் கதையில் இல்லை. இருந்த காலத்திலும் பெரிதாக இருந்ததில்லை. தங்கை மகளோடு அக்கா வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். அப்புறம் ஒரு நாள் குளியலறையில் விழுந்து, இடது பக்கம் மொத்தமும் படுத்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. இரண்டு அறை வீட்டில் உள் அறையில் கட்டில். நடுவில் ப்ளைவுட் தடுப்பு. எதுவேண்டுமானாலும் வலது கை முட்டியால் அந்தத் தடுப்பில் தட்டுவாள்: டக்டக், டக். தண்ணீருக்கும் அதுதான், கொசுவுக்கும் அதுதான். வீடே அதிரும்படி தட்டுவாள். பேசமுடியாத கோபம் எல்லாம் அந்தக் கையில் இறங்கியிருந்தது. "தடுப்பை ஒடச்சுடாதடி மகராசி" என்று கத்திக்கொண்டே டோனக்கா ஓடுவாள். திட்டிக்கொண்டே செய்வாள். அப்படித் திட்டுகிறவர்களின் பாசம் எப்படிப்பட்டது என்று வீட்டில் ஒருத்தரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். மகள் அப்போது காலேஜில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு டீ எடுத்துக்கொண்டு போன டோனக்காதான் பார்த்தது. வந்த டாக்டர், "ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், தூக்கத்துலயே போயிருக்காங்க" என்றார். மகள் வந்தாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா தட்டினாளா, பெரியம்மா?"

"இல்லடி. தட்டவே இல்ல. நான் வீட்டுலதான இருந்தேன்."

அதற்கப்புறம்தான் அழுதாள். முதல் வருஷம் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்பாள். டோனக்கா அதே பதிலைச் சொல்வாள். சொன்னதும் படுத்துத் தூங்கிவிடுவாள். அந்தப் பெண் இன்று சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள் என்றால் அந்த ஒரு பதிலின் மேல் நின்றுகொண்டுதான். டோனக்காவுக்கும் அது தெரியும். அவளும் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள்.

கரண்ட் வந்தது. ஃபேன்கள் கிறீச்சிட்டன. டோனக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். லிஃப்ட்காரரின் போனைப் பிரித்து, வைப்ரேட்டர் மோட்டாரையே கழற்றி வெளியே வைத்தாள். தட்டல் கேட்டது. போனை ஸ்பாஞ்சின் மேல் வைத்தாள். கேட்டது. ஸ்பீக்கரை மாற்றினாள். கேட்டது. அந்த ஃபைலை வேறொரு செட்டில் போட்டாள். அங்கேயும் வந்து தட்டியது. கடைசியில் வேறு வழியில்லாமல் பாட்டை மட்டும் தனியாக ஓடவிட்டாள். தட்டல் இல்லை.

ஆக, பாட்டில் இல்லை. போனில் இல்லை. பாட்டுக்கு முன்னால் அவளே ஒட்டிய ஒன்றரை விநாடியில் இருக்கிறது.

இத்தனை வருஷம் கேட்காதது இப்போது ஏன் கேட்கிறது என்பதற்கும் விடை உடனே கிடைத்தது. வயதானவர்கள் சத்தம் போதவில்லை என்று புலம்பியதால் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புது சாஃப்ட்வேர் போட்டிருந்தாள். உரத்த இடத்தை விட்டுவிட்டு, தணிந்த இடத்தைத் தேடிப்பிடித்து உயர்த்துகிற சாஃப்ட்வேர். அது அமைதியையும் உயர்த்திவிட்டது. அதற்கு முன்னால் போன நூற்றுக்கணக்கான டோன்களிலும் இதே தட்டல் இருந்திருக்கிறது. எந்தக் காதுக்கும் எட்டாத அடியில், ஒவ்வொரு தடவை கால் வரும்போதும், நாலு வருஷமாக.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த அமைதியை எப்போது பதிவு செய்தோம் என்று ஃபைலின் தேதியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை. தங்கை போன அன்றைக்கு மத்தியானம்தான். ரெக்கார்டரை முன் அறை அலமாரியில் வைத்து எத்தனை தடவை எடுத்தாலும் தன் மூச்சுச் சத்தமே அதில் விழுந்துகொண்டிருந்தது. அதனால் பட்டனை அழுத்தி வைத்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தானும் வெளியே போய்த் தெருப்பக்கம் நின்றாள். பத்து நிமிஷம். எதிர்வீட்டுக்காரியோடு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து நிறுத்தினாள். ஒரு மணி நேரம் கழித்து டீயோடு உள்ளே போனாள். அப்புறம் ஒரு மாதம் கடைக்கே வரவில்லை. வந்தபோது அந்தப் பதிவைக் கேட்க மனசு வரவில்லை. திரையில் கோடு தட்டையாகத் தெரிந்த ஓர் இடத்தில் கண்ணால் பார்த்தே ஒன்றரை விநாடி வெட்டிக்கொண்டாள். பதினோரு நிமிஷத்தில் அந்த ஒன்றரை விநாடி.

"நான் வீட்டுலதான இருந்தேன்" என்று சொன்னது பொய்யில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தெரு வாசல் வீட்டில் சேர்ந்ததுதானே.

சாயங்காலம் வந்த லிஃப்ட்காரருக்கு முன்னால் ஒட்டியதை வெட்டி எறிந்துவிட்டுக் கொடுத்தாள். "முதல் வார்த்தை கொஞ்சம் போகும். பொறுத்துக்கோங்க" என்றாள்.

"யாரும்மா அது?" என்றார் அவர், போனை வாங்காமல்.

"யாருமில்ல. மிஷின் கோளாறு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்து ஜாக்கிரதையாக எழுந்து போனார்.

நாலரைக்கே மேசையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற அம்மாளின் பைக்குள்ளிருந்து டக்டக், டக் என்று கேட்டது. பிறகு ஒரு பழைய பாட்டு. அந்த அம்மாள் பாட்டுக்குத்தான் பையைத் துழாவினாள். டோனக்கா தட்டலுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். பஸ்ஸில் டிரைவரின் பின்சீட்டில் ஒரு தடவை. இறங்கிய முனையில், செருப்புத் தைக்கிறவரின் பெட்டிக்குள் ஒரு தடவை. அவருக்கு அவள் டோன் போட்டது மூன்று வருஷத்துக்கு முன்னால். புது சாஃப்ட்வேருக்கு முந்தைய டோன், அதில் தட்டல் காதுக்கு எட்டவே கூடாது. இரைச்சலான தெரு. ஆனால் கேட்டது. அவர் போனை எடுத்து, "ஆ, சொல்லு" என்றார். டோனக்கா நடையை எட்டிப் போட்டாள். முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து பழைய ரெக்கார்டரை எடுத்தாள். முழுப் பதிவும் அதில் இருந்தது. அழித்துவிட வேண்டும் என்பதுதான் திட்டம். ஒரு பட்டன், வேலை முடிந்தது. வைப்ரேட்டர் என்று சொல்லியாகிவிட்டது, அந்தப் பெண்ணும் இரண்டு நாளில் மறந்துவிடுவாள், டோன்களை ஒவ்வொன்றாக வரவழைத்து மாற்றிக் கொடுத்துவிடலாம். தெரிந்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது? தெரிந்தால் இந்த வீட்டில் இருப்பாளா? இதையெல்லாம் நன்றாக யோசித்துவிட்டு, அழிக்கிற பட்டனுக்குப் பதில் ஹெட்போனை எடுத்துச் சொருகினாள். கேட்காமல் அழிக்க அவள் கை வரவில்லை. நாலு வருஷமாக எந்தப் போனையும் கேட்காமல் தீர்ப்புச் சொன்னதில்லை அவள்.

மூன்றாவது நிமிஷத்தில் முதல் தட்டல் வந்தது. அவள் வெட்டியிருந்தது அதை அல்ல; அடுத்ததை. இரண்டையும் கேட்டதும் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரெக்கார்டர் தரையில் விழுந்து கிடந்தது.

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. தங்கை மகள் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள்.

"ரெண்டு லென்ஸைத் தப்பா அறுத்துட்டேன். ஓனர் வீட்டுக்குப் போன்னுட்டார்" என்றாள். பிறகு தரையில் கிடந்த ரெக்கார்டரைப் பார்த்தாள். "வைப்ரேட்டர்னா உனக்கு ஏன் பெரியம்மா இப்படி நடுங்குது?"

டோனக்காவிடம் பதில் தயாராக இருந்தது. நாலு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். அதைச் சொல்லாமல் ரெக்கார்டரைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"குடு" என்று பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைப் பெரியம்மாவின் காதோடு அழுத்தினாள். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

பட்டன் அழுத்துகிற சத்தம். காலடிகள். வாசல் கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை, ஒரு வீட்டுக்குள் யாரும் நடமாடாத மத்தியானத்தின் சத்தம். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். டோனக்கா அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்டக். டக்.

பெண்ணின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அரை நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் இன்னொன்று. இடைவெளிகள் நீண்டன.

"இவ்வளவு மெதுவா அம்மா தட்டவே மாட்டாளே" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "வீடே அதிருமே. ஏன் பெரியம்மா இப்படித் தட்டறா?"

ஐந்தாவது நிமிஷத்தில் இரண்டு தட்டு மட்டும் வந்தது. மூன்றாவதற்கு இருவரும் காத்திருந்தார்கள். வரவில்லை.

"நான்தான் சொல்லிட்டுப் போனேன்" என்றாள் டோனக்கா. குரல் யாருடையதோ போல இருந்தது. "வேலையா ஒண்ணு பதிவு பண்றேன், பத்து நிமிஷம் சத்தம் போடாம இருடின்னு. தலையை ஆட்டினா. வாசல்ல நின்னு பேசிட்டிருந்தேன். அவளுக்கு முடியல போலருக்கு. ஆனாலும் என் வேலை கெட்டுடக் கூடாதுன்னு..." வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

பெண் பதிவை நிறுத்தவில்லை. ஹெட்போனையும் எடுக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நிமிஷங்கள் ஓடின. டோனக்காவுக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் காதோடு ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. எடுக்க விடாத கை. தட்டல் நின்றுபோன அந்த அமைதி, முன்னால் இருந்த அமைதியைப் போலவே இருந்தது. எது வரைக்கும் தங்கை இருந்தாள், எதற்கப்புறம் இல்லை என்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனை ஆயிரம் சத்தங்களைக் கேட்டுப் பிரித்த காது. அதற்கு இது பிடிபடவில்லை.

பதினோராவது நிமிஷம் நெருங்கும்போது தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. காலடிகள் வந்தன. ரெக்கார்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பிறகு ஒரு குரல், நாலு வருஷத்துக்கு முந்தைய, சந்தோஷமான குரல், உள் அறையைப் பார்த்து உரக்கச் சொன்னது:

"பரவாயில்லையே! சொன்னபடி ஒரு சத்தம் இல்லாம இருந்துட்டியேடி, சமத்து!"

அதோடு பதிவு முடிந்தது.

அப்படிச் சொன்னது டோனக்காவுக்கு ஞாபகமே இல்லை. இன்றைக்குச் சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தாலும் நான் சொல்லவில்லை என்று பண்ணியிருப்பாள்.

பெண் கண்ணைத் திறந்தாள். "அப்போ நீ எட்டிப் பாக்கலையா?"

"தூங்கறான்னு நெனச்சேன்."

"பாத்தியா, பாக்கலையா?"

"பாக்கலைடி."

வெளியே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே போனார்கள். டோனக்கா ரெக்கார்டருக்குக் கையை நீட்டினாள். "இதை அழிச்சுடறேன். நீ கேக்க வேண்டாம். போதும்."

பெண் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிக்காத. மறுபடி கேக்கணும்."

"வேண்டாம்டி, கண்ணு."

"நீயும் கேளு" என்றாள். பதிவை முதலுக்குக் கொண்டுபோனாள். ஹெட்போனின் மறுபக்கத்தைப் பழையபடி பெரியம்மாவின் காதோடு அழுத்தினாள். பட்டன், காலடிகள், கதவு. டோனக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தட்டல்கள் வந்தன, குறைந்தன, நின்றன. அதற்கப்புறம் இருந்த அந்த ஆறு நிமிஷமும், தன் குரல் கதவைத் திறந்துகொண்டு வருவதற்காக அவள் காத்திருந்தாள்.